ஹைப்ரிட் மட்டையைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அது மற்ற மட்டைகளோடு பொருந்த வேண்டுமா?

அயர்ன் எனும் மெல்லிய உலோகத் தலை மட்டைக்கும் வுட் எனும் பருத்த தலை மட்டைக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட் மட்டை இல்லாத கோல்ஃப் பையை இன்று காண்பது அரிது. ஆனால் அந்த மட்டை எப்படிப் பைக்குள் வந்தது என்று கேட்டால், அயர்ன்களோடு ஒரே தொகுப்பாக வந்தது என்றோ, அயர்ன்களைச் செய்த நிறுவனமே இதையும் செய்கிறது என்பதால் வாங்கினேன் என்றோதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். 14 மட்டைகளுக்கு மேல் கொண்டுசெல்ல விதி இடம் தராத ஆட்டத்தில், ஒன்றிரண்டு இடங்களை இப்படி யோசனையின்றி நிரப்பிவிடுவது பெரிய இழப்பு. ஹைப்ரிட் மற்ற மட்டைகளோடு பொருந்தத்தான் வேண்டும். அந்தப் பொருத்தத்தைப் பந்து பறக்கும் தொலைவிலும், மட்டையின் எடையிலும் நீளத்திலும், பந்தின் பின்னால் வைத்துப் பார்க்கும்போது தெரியும் தோற்றத்திலும் தேட வேண்டும். தலையில் பொறித்திருக்கும் பெயருக்கு அதில் பங்கு இல்லை. இக்கட்டுரையில் இடம், வலம் என்று சொல்லும் இடங்கள் வலக்கை ஆட்டக்காரருக்கு உரியவை. இடக்கை ஆட்டக்காரர்கள் அவற்றை மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நீள அயர்னால் முடியாதது

3, 4 எண் அயர்ன்களின் தலை மெல்லியது. எடை முழுவதும் பந்தில் படும் முகத்தை ஒட்டியே இருப்பதால் ஈர்ப்பு மையம் முன்னால் நிற்கிறது; லாஃப்டும், அதாவது முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணமும், குறைவு. அந்த முகத்திலிருந்து பந்தைப் போதிய உயரத்துக்கு எழுப்ப வேண்டுமானால் ஸ்விங்கில் நல்ல வேகம் இருக்க வேண்டும். நடுவிலிருந்து அரை அங்குலம் விலகிப் பட்டாலே தொலைவு வெகுவாகக் குறைந்துவிடும். ஹைப்ரிட்டின் தலை முன்னிருந்து பின்னாக அகன்றது, பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் கொண்டது. அதனால் எடையைத் தாழ்வாகவும் பின்தள்ளியும் வைக்க முடிகிறது. அதே லாஃப்டில் பந்து கூடுதல் உயரம் எழுகிறது. விலகிப் பட்டாலும் தலை அவ்வளவாகத் திருகுவதில்லை. ஃபேர்வே எனும் குறும்புல் பாதையிலிருந்து அடிக்கும் ஃபேர்வே வுட்டோடு ஒப்பிட்டால் ஷாஃப்ட், அதாவது மட்டையின் தண்டு, இரண்டு அங்குலம் வரை குட்டையானது என்பதால், முகத்தின் நடுவில் பந்தைச் சந்திப்பதும் எளிதாகிறது.

இதன் பயன் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் ரஃப் எனும் நீண்ட புல்பகுதி. பெர்முடா புல் தடித்து வளரும் வெப்ப நாட்டுத் திடல்களில், மழை ஓய்ந்த வாரங்களில், பந்து பாதி அமிழ்ந்து கிடக்கும். அங்கே அயர்னை இறக்கினால் புல் அதன் கழுத்தைச் சுற்றிப் பிடித்து முகத்தை இடப்பக்கம் மூடிவிடும். ஹைப்ரிட்டின் வளைந்த அடிப்பாகம் புல்லைப் படிய அழுத்திக்கொண்டு நழுவிப் போகிறது. பந்தின் மேற்பகுதி மட்டுமே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அது புதைந்திருந்தால் எந்த ஹைப்ரிட்டும் உதவாது. வெட்ஜை, அதாவது லாஃப்ட் மிகுந்த குட்டை மட்டையை, எடுத்துப் பந்தை வெளியே போட்டுவிடுவதே முறை.

இந்த எண்ணம் புதியதன்று. கோப்ரா நிறுவனம் அடிப்பாகத்தில் தண்டவாளம் போன்ற இரு மேடுகள் கொண்ட பாஃப்ளர் மட்டையை 1975லேயே வெளியிட்டது. ஆனால் ஹைப்ரிட் எளிய ஆட்டக்காரர்களின் ஊன்றுகோல் என்ற எண்ணம் மாறியது இந்த நூற்றாண்டில்தான். 2004ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூனில் நடந்த ஓப்பன் போட்டியின் சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்தில், டாட் ஹாமில்டன் கடைசிக் குழியில், குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரையான கிரீனுக்கு வெளியிலிருந்து ஹைப்ரிட்டால் பந்தைத் தரையோடு உருட்டிக் குழிக்கு மிக அருகே கொண்டுசென்று எர்னி எல்ஸை வென்றார். 2009இல் அமெரிக்காவின் ஹேஸல்டைனில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் இறுதிக் குழியில், டைகர் வுட்ஸைவிட ஓர் அடி (ஸ்ட்ரோக்) முன்னிலையில் நின்ற தென் கொரியர் ஒய்.ஈ. யாங், 200 யார்டுக்குச் சற்று மேற்பட்ட தொலைவிலிருந்து ஹைப்ரிட்டால் அடித்த பந்து மரத்தைத் தாண்டிக் கொடியருகே நின்றது. தரையோடு உருட்டவும் உயரமாகத் தூக்கி நிறுத்தவும் ஒரே வகை மட்டை பயன்பட்டதை இந்த இரண்டு வெற்றிகளும் காட்டுகின்றன.

அயர்ன் எங்கே முடிய வேண்டும்?

ஹைப்ரிட்டைப் பற்றி யோசிக்கும் முன்பே விடை காண வேண்டிய கேள்வி, உங்கள் பையில் கடைசி அயர்ன் எது என்பதுதான். இதற்கு வயதோ, ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் எண்ணோ விடை தராது, பந்து தரும். உங்களிடம் உள்ள அயர்ன்களை 8இலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக அடித்து, பந்து தரையில் விழும் வரை காற்றில் கடக்கும் தொலைவை, அதாவது கேரியை, குறித்துக்கொள்ளுங்கள். 8க்கும் 7க்கும் 11 யார்டு, 7க்கும் 6க்கும் 11 யார்டு என்று சீராக ஏறிவரும் இடைவெளி ஓர் இடத்தில் திடீரென்று 4, 5 யார்டாகச் சுருங்கும். அந்த அயர்னில் பந்தின் உயரமும் குறைந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். அதற்கு முந்தைய அயர்னே உங்கள் கடைசி அயர்ன். அதற்கு மேற்பட்டவை பையில் எடையைத்தான் கூட்டுகின்றன.

தொலைவு மட்டும் போதாது. பந்து இறங்கும் கோணத்தையும் பார்க்க வேண்டும். 170 யார்டு போகும் 5 அயர்ன் தாழப் பறந்து, கிரீனின் முன்விளிம்பில் விழுந்து பின்விளிம்பைத் தாண்டி ஓடிவிடுமானால், அந்த 170 யார்டால் பயன் இல்லை. பந்து செங்குத்தாக இறங்க இறங்க விழுந்த இடத்தருகே நிற்கும். 45 டிகிரியை ஒட்டி இறங்கும் பந்து இறுகிய கிரீனிலும் நிற்க வாய்ப்புண்டு. கோடையில் கிரீன் இறுகிப்போகும் திடல்களில் ஆடுபவர்கள் இந்த அளவைக் கேரிக்கு நிகராக மதிக்க வேண்டும்.

5 அயர்னையும் 6 அயர்னையும் விட்டுக்கொடுக்க மனம் வராதவர்கள் பலர். நன்றாக ஆடுபவர் என்பதற்கு நீள அயர்ன்களே அடையாளம் என்ற பழைய மதிப்பு இன்னும் போகவில்லை. மூத்த ஆட்டக்காரர் ஒருவர் 6 ஹைப்ரிட்டையும் 7 ஹைப்ரிட்டையும் எடுப்பதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு, நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஒவ்வொரு பார் 4 குழியிலும் கிரீனுக்கு 20 யார்டு குறைவாகவே நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மெதுவான ஸ்விங் உள்ளவர்கள், பெண்கள், புதிதாக ஆடத் தொடங்கியவர்கள் ஆகியோருக்கு 7 அயர்ன் வரை ஹைப்ரிட்டாக மாற்றுவதே சரி என்றால், தயங்காமல் மாற்ற வேண்டும்.

எண்ணை நம்பாமல் லாஃப்டைப் பாருங்கள்

மட்டையின் அடியில் பொறித்திருக்கும் 3, 4, 5 என்ற எண்கள் எந்தப் பொது அளவையும் சார்ந்தவையல்ல. 3 ஹைப்ரிட் பெரும்பாலும் 18 முதல் 20 டிகிரிக்குள்ளும், 4 ஹைப்ரிட் 21 முதல் 23 டிகிரிக்குள்ளும், 5 ஹைப்ரிட் 24 முதல் 26 டிகிரிக்குள்ளும் இருக்கும். பிங் நிறுவனத்தின் ஜி430 வரிசையில் 4 ஹைப்ரிட் 22 டிகிரி, 5 ஹைப்ரிட் 26 டிகிரி. டைட்லிஸ்ட் தன் டிஎஸ்ஆர்2 ஹைப்ரிட்டுகளுக்கு எண்ணையே விட்டுவிட்டு 18, 21, 24, 27 என்று லாஃப்டைக் கொண்டே பெயரிட்டது. வாங்குபவருக்கு இந்த வழக்கமே நல்லது.

அயர்ன்களின் பக்கம் குழப்பம் இன்னும் அதிகம். தொலைவுக்காக வடிவமைக்கப்பட்ட இன்றைய அயர்ன் தொகுப்புகளில் 7 அயர்ன் 28 முதல் 30 டிகிரி வரை இருக்கிறது. தேர்ந்தவர்கள் ஆடும் மெல்லிய பிளேடு வகையில் அதே 7 அயர்ன் 34, 35 டிகிரி இருக்கும். முதல் வகைத் தொகுப்பின் 5 அயர்ன் ஏறத்தாழ 22 டிகிரி என்றால், அதன் இடத்தில் 26 டிகிரியுள்ள 5 ஹைப்ரிட்டை வைத்தால் சரிவருமா என்பது எண்ணைப் பார்த்துச் சொல்லக்கூடியதன்று. ஒரே லாஃப்டில் அயர்னைவிட ஹைப்ரிட் சற்றுக் கூடுதலாகப் பறக்கும். ஷாஃப்ட் நீளமும், பந்து எழும் உயரமும் அதற்குக் காரணங்கள். ஆகவே மாற்றும் அயர்னின் லாஃப்டைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலான ஹைப்ரிட்டிலிருந்து தேடலைத் தொடங்குங்கள். உங்கள் அயர்ன்களின் லாஃப்ட் தெரியாவிட்டால், தயாரித்த நிறுவனத்தின் விவரப் பட்டியலில் வடிவத்தின் பெயரைக் கொண்டு தேடினால் கிடைத்துவிடும்.

எத்தனை ஹைப்ரிட் வேண்டும் என்பதும் இங்கேயே முடிவாகும். 6 அயர்ன் 150 யார்டும் 5 வுட் 185 யார்டும் பறக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இடையில் உள்ள 35 யார்டை நிரப்ப, 162 யார்டுக்கு ஒன்றும் 174 யார்டுக்கு ஒன்றுமாக இரண்டு ஹைப்ரிட்டுகள் தேவை. 26, 22 டிகிரிகளை அடித்துப் பார்த்துத் தொடங்கலாம். 6 அயர்ன் 120 யார்டும் 5 வுட் 145 யார்டும் பறப்பவருக்கு இடைவெளியே 25 யார்டுதான். அவருக்கு நடுவில் ஒரே ஹைப்ரிட் போதும். இரண்டு வாங்கினால் அவை ஒன்றுக்கொன்று 7, 8 யார்டு வேறுபட்டு, எதை எடுப்பது என்ற தடுமாற்றத்தைத்தான் கொடுக்கும். மீதமாகும் இடத்தில் இன்னொரு வெட்ஜை வைத்துக்கொள்ளலாம்; 100 யார்டுக்குள் அது சேமிக்கும் அடிகள் அதிகம்.

எவை பொருந்த வேண்டும்?

தொலைவின் பொருத்தத்தைச் சொல்லியாயிற்று. அடுத்தது எடை. பலர் கவனிக்காமல் விடுவதும் பின்னர் மிகுந்த தொல்லை கொடுப்பதும் இதுதான். வீட்டில் உள்ள டிஜிட்டல் சமையலறைத் தராசில் மட்டையை நடுவில் தாங்கி நிறுத்தி எடை பாருங்கள். ஸ்டீல் ஷாஃப்ட் போட்ட 5 அயர்ன் ஏறத்தாழ 410 முதல் 420 கிராம் காட்டும். கிராஃபைட் ஷாஃப்ட் போட்ட 5 வுட் 330 கிராமை ஒட்டி நிற்கும். ஹைப்ரிட் இவ்விரண்டுக்கும் நடுவில், 365 முதல் 385 கிராமுக்குள் இருந்தால் கைகள் அதை எளிதில் ஏற்றுக்கொள்ளும். நீளம் குறையக் குறைய எடை கூடிக்கொண்டே வருவது பை முழுவதற்கும் உள்ள ஒழுங்கு. ஹைப்ரிட் அந்த ஒழுங்கைக் கெடுக்கக் கூடாது.

தொகுப்பாக விற்கப்படும் மட்டைகளில் இந்த ஒழுங்கு சில நேரம் கெட்டிருக்கும். அயர்ன்களுக்கு 105 கிராம் ஸ்டீல் ஷாஃப்டும், கூட வரும் ஹைப்ரிட்டுக்கு 55 கிராம் கிராஃபைட் ஷாஃப்டும் போட்டிருப்பார்கள். பெயரும் நிறமும் ஒன்றாக இருக்கும். ஆனால் 6 அயர்னை அடித்த கையோடு அந்த ஹைப்ரிட்டை எடுத்து அதே தாளத்தில் ஆடினால், மட்டை கைக்கு முன்னால் ஓடி முகம் மூடிப் பந்து இடப்பக்கம் போகும். 65 கிராம் ஷாஃப்ட் உள்ள ஃபேர்வே வுட்டும் 105 கிராம் ஸ்டீல் அயர்னும் வைத்திருப்பவருக்கு 80 முதல் 85 கிராம் ஹைப்ரிட் ஷாஃப்ட் பொருந்தும். அயர்னிலேயே 65 கிராம் கிராஃபைட் இருந்தால் ஹைப்ரிட்டிலும் அதையொட்டிய எடையே போதும். ஷாஃப்ட் வளையும் அளவான ஃப்ளெக்ஸைப் பொறுத்தவரை, ரெகுலர், ஸ்டிஃப் என்ற சொற்களுக்கு நிறுவனங்களுக்கிடையே பொது அளவு இல்லை என்பதால், ஒரே எழுத்து இருக்கிறது என்பதற்காக ஒரே விறைப்பு இருக்கும் என்று கொள்ள வேண்டாம். எடை சரியாக அமைந்த பிறகு ஃப்ளெக்ஸை அடித்துப் பார்த்தே முடிவு செய்யலாம்.

நீளத்தைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மட்டைகளைச் சுவரோரம் வரிசையாக, அடிப்பாகம் தரையில் படியுமாறு சாய்த்து வைத்து, கிரிப்புகளின், அதாவது கைப்பிடிகளின், உச்சியைப் பாருங்கள். அயர்ன்கள் அரை அங்குலப் படிகளாக ஏறிவரும்; 6 அயர்ன் ஏறத்தாழ 37.5 அங்குலம். பக்கத்தில் நிற்கும் ஹைப்ரிட் 39 அங்குலம் என்றால் அந்த ஒன்றரை அங்குல ஏற்றம் இயல்பானது. அதுவே 40 அங்குலத்தைத் தொட்டால், தொலைவைக் கூட்டிக் காட்டுவதற்காக நீட்டப்பட்ட மட்டை அது. கடையில் நன்றாகப் பறக்கும், திடலில் நடுமுகத்தில் படாது. அரை அங்குலம் வெட்டிக் குறைத்துக்கொள்ளலாம். வெட்டினால், வீசும்போது தலையின் கனம் கையில் தெரியும் அளவான ஸ்விங் வெயிட் ஏறத்தாழ மூன்று புள்ளி குறைந்து தலை இலேசாகத் தோன்றும். தலையில் 6 கிராம் ஈய நாடாவை ஒட்டினால் பழைய உணர்வு திரும்பும்.

பிறகு தோற்றம். ஹைப்ரிட்டின் தலை வடிவங்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று ஃபேர்வே வுட்டைச் சிறிதாக்கியது போன்றது: பின்பக்கம் உருண்டு நீண்டது, பந்தை உயர எழுப்புவது, நேராகப் போகும் இயல்புள்ளது. மற்றொன்று அயர்னை ஒட்டியது: முன்பின் அகலம் குறைந்தது, மேல்விளிம்பு நேர்க்கோடாகத் தெரிவது, பந்தைச் சற்றுத் தாழ அனுப்புவது. இதில் உயர்வு தாழ்வு இல்லை. 5 வுட்டை அஞ்சாமல் அடிப்பவருக்கு முதல் வகையும், ஃபேர்வே வுட்டைக் கண்டாலே தோள் இறுகுபவருக்கு இரண்டாம் வகையும் ஒத்துவரும். கடையில் மட்டையைத் தரையில் வைத்து மேலிருந்து பாருங்கள். முகம் இலக்கை நோக்கி நிற்கிறதா, இடப்பக்கம் மூடியிருக்கிறதா, கழுத்திலிருந்து முகம் எவ்வளவு பின்வாங்கி நிற்கிறது என்று கவனியுங்கள். மூடியது போலத் தெரியும் முகத்தை ஆட்டக்காரரின் கை தானாகவே திறக்க முயலும்; அந்தத் திருத்தம் ஒவ்வொரு அடியிலும் வெவ்வேறு அளவில் நடக்கும். மேலிருந்து பார்க்கையில் உங்கள் அயர்ன் காட்டும் கோட்டை ஒத்த ஒரு கோட்டை ஹைப்ரிட்டும் காட்டினால் மனத்தில் ஐயம் எழுவதில்லை. என் மதிப்பில், முத்திரைப் பொருத்தத்தைவிடப் பல மடங்கு முக்கியமானது இது.

கிரிப்பைப் பற்றி ஒரு சொல். 14 மட்டைகளில் பட்டரை (கிரீனில் பந்தை உருட்டும் மட்டையை) விட்டு மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே வகை, ஒரே பருமன் கிரிப் போட்டுவிடுங்கள். பை முழுவதையும் ஒன்றுபோல உணரச் செய்ய இதைவிட மலிவான வழி இல்லை.

ஹைப்ரிட்டுகள் தங்களுக்குள் ஒன்றாக இருக்க வேண்டுமா?

இரண்டு ஹைப்ரிட் தேவைப்படுபவர் இரண்டையும் ஒரே வடிவத்தில், ஒரே ஷாஃப்டில் வாங்கினால் வேலை எளிது. பந்து எழும் உயரம், பக்கவாட்டில் வளையும் போக்கு, அடிபடும் ஓசை எல்லாம் ஒத்திருக்கும். இடைவெளியும் லாஃப்டைப் பின்பற்றிச் சீராக வரும். ஆனால் இதை விதியாக்கிக்கொள்ள வேண்டாம். 18 டிகிரி ஹைப்ரிட்டைப் பெரும்பாலும் ஒவ்வொரு குழிக்கும் ஆட்டம் தொடங்கும் இடமான டீயிலிருந்தும் பார் 5 குழிகளின் இரண்டாம் அடிக்கும் எடுப்பவர், 25 டிகிரி ஹைப்ரிட்டைக் கிரீனைக் குறிவைத்தே எடுக்கிறார் என்றால், இரண்டுக்கும் வேலை வேறு. முதலாவது அகன்ற தலையோடு ஓடும் பந்தைத் தருவதாகவும், இரண்டாவது அயர்னை ஒத்த தலையோடு உயர்ந்து இறங்கும் பந்தைத் தருவதாகவும் இருக்கலாம். அப்படிக் கலக்கும்போதும் ஷாஃப்டின் எடையும் ஃப்ளெக்ஸும் ஒத்திருப்பது நல்லது.

பையில் பொருத்தம் மிகவும் தேவைப்படும் இடம் ஒன்றுதான்: கடைசி அயர்னும் முதல் ஹைப்ரிட்டும் சந்திக்கும் எல்லை. அங்கேதான் நீளமும் எடையும் தலையின் வடிவமும் ஒரே சமயத்தில் மாறுகின்றன. மேல் எல்லையில், ஹைப்ரிட்டுக்கும் ஃபேர்வே வுட்டுக்கும் இடையில், தவறு சற்றுக் குறைவாகவே தண்டிக்கும்; அந்தத் தொலைவில் கிரீனின் ஓரத்தை அடைந்தாலே மகிழ்ச்சி. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: 21 டிகிரி ஹைப்ரிட்டா, 21 டிகிரி 7 வுட்டா? 7 வுட் உயரமாகப் பறந்து மெதுவாக இறங்கும். ஆனால் ஷாஃப்ட் நீளமானது, எதிர்க்காற்றில் பந்து தொங்கிவிடும். கடற்காற்று வீசும் திடலில் ஆடுபவர் ஹைப்ரிட்டையும், காற்று குறைந்த, கிரீன் இறுகிய திடலில் ஆடுபவர் 7 வுட்டையும் முதலில் அடித்துப் பார்க்கலாம்.

பந்து இடப்பக்கம் போகிறது என்றால்

ஹைப்ரிட்டைப் பற்றி மிகுதியாகக் கேட்கும் குறை இதுதான். காரணங்கள் பெரும்பாலும் மட்டையிலேயே இருக்கின்றன. அயர்னைவிட ஷாஃப்ட் இலேசானது. தன் நீளத்துக்குத் தேவையானதைவிட நிமிர்ந்த லை கோணம் (தரைக்கும் ஷாஃப்டுக்கும் இடைப்பட்ட கோணம்) உள்ளது. பலவற்றில் முகம் கழுத்திலிருந்து பின்வாங்கி அமைந்திருக்கிறது. ஈர்ப்பு மையம் பின்னால் இருப்பதால் தலை எளிதில் மூடிக்கொள்கிறது. வலப்பக்கம் வழுக்கிப்போகும் பந்து உள்ளவர்களுக்கு இவை அனைத்தும் வரம். இயல்பிலேயே வலமிருந்து இடமாக வளைக்கும் ஆட்டக்காரருக்கு இவை இரட்டிப்புத் தொல்லை. அப்படிப்பட்டவர்கள் பின்வாங்கல் இல்லாத, முகம் நேராக நிற்கும் தலையையும், பத்துப் பதினைந்து கிராம் கூடுதலான ஷாஃப்டையும் தேட வேண்டும். கழுத்தில் சரிசெய்யும் அமைப்பு உள்ள மட்டையானால் லை கோணத்தைத் தட்டையாக்கிப் பார்க்கலாம். ஸ்விங்கை மாற்றுவதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

ஸ்விங் பற்றி ஒன்றே ஒன்று. ஹைப்ரிட்டை ஃபேர்வே வுட்டைப் போலத் துடைத்துத் தள்ள வேண்டாம். பந்தை இரு கால்களின் நடுவிலிருந்து சற்று முன்னே வைத்து, அயர்னைப் போலவே கீழ்நோக்கி அடியுங்கள். பந்து போன பின் அதற்கு முன்னால் உள்ள புல் இலேசாகச் சீவப்பட்டிருக்க வேண்டும். பந்தை எழுப்பும் வேலையை மட்டையின் தலை பார்த்துக்கொள்ளும்.

எங்கே, எப்படி அடித்துப் பார்ப்பது

கடைக்குள் வலையில் அடித்து வாங்குவதில் ஒரு பெரிய குறை உண்டு. செயற்கைப் புல்விரிப்பு, பந்துக்கு முன்னே தரையில் பட்ட அடியையும் மன்னித்து நல்ல அடியாகக் காட்டிவிடும். ஹைப்ரிட்டின் அகன்ற அடிப்பாகம் அந்த விரிப்பில் எப்போதுமே அழகாக வழுக்கும். கோடையில் புல் தேய்ந்து இறுகிய ஃபேர்வேயில் அதே அடிப்பாகம் தரையில் மோதித் துள்ளி, பந்தின் வயிற்றில் பட்டு, பந்து தரையோடு ஓடிவிடும். வெறுந்தரை மிகுந்த திடலில் ஆடுபவர்கள் அடிப்பாகம் குறுகிய வடிவத்தையே நாட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். விரிப்பில் அது தெரியவும் தெரியாது.

ஆகவே விற்பவரிடமோ நண்பரிடமோ மாதிரி மட்டையைக் கேட்டு வாங்கித் திடலுக்கோ புல்தரைப் பயிற்சி இடத்துக்கோ கொண்டுசெல்லுங்கள். உங்கள் கடைசி அயர்னையும் ஃபேர்வே வுட்டையும் உடன் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றோடு ஒப்பிடாமல் ஹைப்ரிட்டை மட்டும் அடித்துப் பயனில்லை. மூன்றையும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் பத்துப் பந்துகள் அடியுங்கள். மிக நன்றாகப் போனதையும் மிக மோசமாகப் போனதையும் நீக்கிவிட்டு மீதியின் சராசரியைக் கணக்கிடுங்கள். மட்டையை விற்பது மிகச் சிறந்த அடி. திடலில் அன்றாடம் உங்களுக்குக் கிடைப்பது சராசரி அடி. பயிற்சிப் பந்துகள் வழக்கமான பந்தைவிடக் குறைவாகப் பறக்கும் என்பதால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், மட்டைகளுக்கிடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். பிறகு ரஃபிலிருந்து சில, வெறுந்தரையிலிருந்து சில, சரிவான தரையிலிருந்து சில அடியுங்கள். பையில் இந்த மட்டைக்குக் கிடைக்கப்போகும் வேலை பெரும்பாலும் அங்கேதான்.

அளப்பது எந்த உயரத்தில் என்பதும் பொருட்டு. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே உள்ள ஊட்டித் திடலில் காற்று அடர்த்தி குறைவு. சென்னையில் 170 யார்டு பறக்கும் பந்து அங்கே கணிசமாகக் கூடுதலாகப் பறக்கக்கூடும். கொடைக்கானல், நுவரெலியா திடல்களுக்கும் இது பொருந்தும். விடுமுறைக்கு மலைக்குப் போய் அங்கே அளந்த எண்களைக் கொண்டு சமவெளிக்கு மட்டை வாங்க வேண்டாம். ஆண்டு முழுவதும் ஆடும் திடலில் அளந்ததே கணக்கு.

வாங்கும்போது

அயர்ன்களைப் போல ஹைப்ரிட்டின் கழுத்தை வளைத்து லாஃப்டை மாற்றுவது பெரும்பாலும் முடியாது. இரண்டு டிகிரி தவறி வாங்கினால் அந்தத் தவறு நிலைத்துவிடும். இதனால்தான் கழுத்தில் சரிசெய்யும் அமைப்பு உள்ளவற்றுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது தகும். ஒன்றரை டிகிரி அளவுக்கு ஏற்றி இறக்கி இடைவெளியைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் இந்த மாற்றத்தைச் சுற்று தொடங்கும் முன்பே செய்து முடித்துவிட வேண்டும். சுற்றின் நடுவில் மட்டையின் இயல்பை மாற்றி, அதைக் கொண்டு அடிப்பதை விதி அனுமதிப்பதில்லை. ஒரு நிறுவனத்தின் ஷாஃப்ட் இணைப்பு இன்னொரு நிறுவனத்தின் தலையில் பொருந்தாது என்பதையும், ஒரே நிறுவனத்தின் பழைய, புதிய வரிசைகளுக்கிடையேகூட அது மாறலாம் என்பதையும் பழைய மட்டை வாங்குபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பழையது வாங்குவதில் எந்தத் தாழ்வும் இல்லை. நான்கைந்து ஆண்டு பழைய நல்ல ஹைப்ரிட், புதிய ஹைப்ரிட்டைவிட ஆட்டத்தில் பெரிதாகப் பின்தங்குவதில்லை. விலையோ மிகவும் குறைவு. முகத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, தலையின் மேற்பகுதியில் குழி விழுந்திருக்கிறதா, அசைத்தால் உள்ளே ஏதாவது உருள்கிறதா, ஷாஃப்ட் நுழையும் இடத்தில் உள்ள வளையம் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷாஃப்டை வெட்டியிருக்கிறார்களா என்பதை நீளத்தை அளந்து கண்டுகொள்ளலாம். நம்ப முடியாத விலையில் இணையத்தில் கிடைக்கும் புதிய மட்டைகளில் போலிகள் உண்டு; வரிசை எண்ணைக் கேட்டுத் தயாரித்த நிறுவனத்திடம் உறுதி செய்துகொள்ளாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இரண்டு ஹைப்ரிட் தேவை என்று கணக்கு சொன்னாலும் இரண்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். கடைசி அயர்னை ஒட்டிய ஹைப்ரிட்டை, அதாவது லாஃப்ட் கூடுதலானதை, முதலில் வாங்குங்கள். ஒரு மாதமாவது அதோடு ஆடி, நல்ல தரையிலும் கெட்ட தரையிலும் அது உண்மையில் எத்தனை யார்டு பறக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்கும் உங்கள் ஃபேர்வே வுட்டுக்கும் இடையில் எஞ்சும் இடைவெளி 20 யார்டுக்கு மேல் இருந்தால், அந்த இடைவெளியின் நடுவில் விழக்கூடிய லாஃப்டில் இரண்டாவதைத் தேடத் தொடங்கலாம்.